மூன்று தொன் ட்ரக்கும் அரை யூனிட் பற்றரியும்

மின்சார வாகனம் பற்றிக் கதை வந்தால் எங்கட ஆக்கள் கேட்கிற கேள்விகள் மூன்று. ஒருக்கா சார்ஜ் பண்ணினால் எத்தனை கிலோமீற்றர் ஓடும்? பற்றரி எத்தனை வருசம் தாங்கும்? மாத்திறதெண்டால் எத்தனை லட்சம்? மூன்றும் வாகனத்தின் அடிவயிற்றில் படுத்திருக்கிற பெரிய பற்றரியைப் பற்றியவை. அதே வாகனத்துக்குள் இன்னொரு பற்றரியும் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, அது செத்தால் என்ன நடக்கும் என்று கேட்ட ஒருவரையும் நான் இதுவரைக்கும் காணவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த நாளில் இருந்து கன்ரீனில் வாகனக் கதை குறைவில்லை. அந்தச் சின்னப் பற்றரிக்கு மட்டும் அந்தக் கதைகளில் இடமில்லை.

நான் கலைப்பீடம். எனக்கென்ன பற்றரியோடு வேலை என்று கேட்பீர்கள். இது இயந்திரப் பிரச்சினையை விட, ஒரு பொருளை விற்கிறவர் வாங்குகிறவருக்கு எதைச் சொல்கிறார், எதை விழுங்குகிறார் என்ற பிரச்சினை என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஃபோர்ட் கம்பனி 2022 இல் விற்பனைக்கு விட்ட எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார ட்ரக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே ட்ரக் எண்டால் லொறி இல்லை. எங்கட ஊரில் 'கெப்' என்று சொல்கிற, பின்னுக்குத் திறந்த பெட்டி உள்ள வாகனம். கிட்டத்தட்ட மூன்று தொன் எடை. அதன் பெரிய பற்றரிகளில் ஒன்று 98 யூனிட் கொள்ளும், மற்றது 131 யூனிட். யூனிட் எண்டால் எங்கட கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். எங்கட வீட்டில் ஒரு மாதத்துக்கு 100 யூனிட் தாண்டினால் அம்மா எல்லா லைற்றையும் நிற்பாட்டிக்கொண்டு திரிவா. அப்ப 131 யூனிட் எவ்வளவு என்று பாருங்கள். கரண்ட் போனால் இந்த ட்ரக் ஒரு அமெரிக்க வீட்டுக்கே மூன்று நாள் வரைக்கும் மின்சாரம் கொடுக்கும் என்று சொல்லித்தான் விளம்பரம் செய்தார்கள். அந்த வீடுகள் ஒரு நாளைக்கு 30 யூனிட் எரிக்கும் என்பது கணக்கு.

அந்த ட்ரக்கைத் தட்டி எழுப்புவது ஒரு 12 வோல்ட் ஈயப் பற்றரி. சாதாரணக் காரில் இருக்கிற அதே சாமான். இப்படியான வாகனங்களில் 45 அம்பியர் மணி அளவுள்ள பற்றரி என்பது வழக்கமான ஒன்று. 12 ஐ 45 ஆல் பெருக்கினால் 540 வாட் மணி, அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட. 131 எங்கே, அரை எங்கே? பெரியது சின்னதைப் போல 240 மடங்கு. ஆனால் சின்னது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் பிரயோசனமில்லை. வாகனம் அசையாது, திரை எரியாது, சில மொடல்களில் கதவே திறக்காது. வீட்டுக்கு மூன்று நாள் கரண்ட் கொடுக்கிற வாகனம் தன்னைத்தானே எழுப்ப வழியில்லாமல் நிற்கும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? முட்டாள்தனம் இல்லை. பெரிய பற்றரியின் மின்னழுத்தம் பல நூறு வோல்ட். அது எந்த நேரமும் வாகனம் முழுக்கப் பாய்ந்துகொண்டிருந்தால் விபத்து நேரத்தில் மீட்க வருகிறவனையும் சேர்த்துக் கொல்லும். அதனால் வாகனத்தை நிற்பாட்டியவுடன் பெரிய பற்றரியை மற்ற எல்லாவற்றில் இருந்தும் வெட்டி விடுகிற தடித்த சுவிட்சுகளை உள்ளுக்கு வைத்திருக்கிறார்கள். கொன்ராக்டர் என்று பெயர். கட்டடம் கட்டுகிறவர் இல்லை, இது மின்சாரக் கொன்ராக்டர். அந்தச் சுவிட்சை மூடுவதற்கு 12 வோல்ட் வேண்டும். கதவுப் பூட்டு, லைற், எயார்பேக், பிரேக்கைக் கட்டுப்படுத்துகிற கணினி எல்லாம் ஓடுவதும் அதே 12 வோல்ட்டில்தான். வாகனம் எழும்பிய பிறகு பெரியது சின்னதைச் சார்ஜ் பண்ணும், பழைய காரில் ஒல்ரனேற்றர் செய்த வேலையை அது செய்யும். ஆனால் எழும்ப வேண்டும். எழும்புவதற்குச் சின்னது வேண்டும். கல்யாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்கிற கதைதான்.

இதற்குள் சரித்திரத்தின் ஒரு குறும்பும் இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் மின்சாரக் கார்கள் தாராளமாக ஓடின. பெற்றோல் காரை முன்னுக்கு நின்று கைப்பிடியால் சுழற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். கைப்பிடி திருப்பி அடித்தால் கை முறியும். மின்சாரக் காரில் அந்தக் கரைச்சல் இல்லை. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே தன் கணவன் செய்த காரை விட்டு விட்டு டிட்ரொயிட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் காரைத்தான் ஓட்டினார். 1912 இல் கடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. ஒரு ஈயப் பற்றரியும் ஒரு சின்ன மோட்டரும் கைப்பிடியை ஒழித்தன. மலிவான பெற்றோலும் மலிவான காரும் சேர்ந்துகொள்ள, மின்சாரக் கார் மெல்ல மெல்லக் காணாமல் போனது. அதை வீட்டுக்கு அனுப்பியதில் பங்கு வகித்த அந்த ஈயப் பற்றரிதான் நூறு வருசம் கழித்து, மின்சார வாகனத்துக்குள்ளேயே குந்திக்கொண்டு அதன் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது.

சரி, அது எப்படிச் சாகிறது? நிற்கிற வாகனம் நித்திரை கொள்வதில்லை. சாவி கிட்ட வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். கம்பனியோடு தொலைபேசி இணைப்பில் இருக்கும். நீங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு செயலியைத் திறந்து "சார்ஜ் எவ்வளவு?" என்று பார்த்தால், அது ஒருக்கா எழும்பி, பதில் சொல்லி, திரும்பப் படுக்கும். இதெல்லாம் சின்னனின் செலவில். ஒரு கணக்குக்கு, நிற்கிற வாகனம் 50 மில்லி அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. 45 அம்பியர் மணி பற்றரி மூன்று கிழமைக்குள் பாதியாகிவிடும். சில வாகனங்கள் இடைக்கிடை தாங்களாகவே பெரியதில் இருந்து சின்னதை நிரப்பிக்கொள்ளும். ஆனால் எப்போது, எவ்வளவுக்கு, எந்த நிபந்தனையில் என்பது மொடலுக்கு மொடல் வேறு.

ஈயப் பற்றரிக்கு ஒரு குணம் இருக்கிறது. அது வெறுமையாக இருப்பதைத் தாங்காது. குறைந்த சார்ஜில் கன நாள் கிடந்தால் உள்ளே தகடுகளில் ஈய சல்பேற் பளிங்காக இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏத்தினாலும் பழைய கொள்ளளவு வராது. ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைய இருக்கிறது, 12.2 எண்டால் பாதி, 12 க்குக் கீழே போனால் ஆபத்து. குளிர் நாட்டில் இன்னும் மோசம். இறங்கிப்போன பற்றரிக்குள் அமிலம் தண்ணியாகிவிடுவதால் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை அளவிலேயே உறைந்து வெடிக்கக்கூடும். எங்கட பக்கம் உறையாது, ஆனால் வெக்கை தின்னும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பற்றரிக்காரர் சொல்கிற பொதுக் கணக்கு.

பழைய காரில் பற்றரி சாக முதல் சத்தம் போடும். காலமை ஸ்டார்ட் பண்ணும்போது இழுத்து இழுத்துச் சுழலும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் கேட்கும். அப்பா "பற்றரி போகப் போகுது" என்பார். எஞ்சினைச் சுழற்ற நூற்றுக்கணக்கான அம்பியர் வேண்டும் என்பதால், பலவீனம் உடனே வெளியில் தெரியும். மின்சார வாகனத்தில் சுழற்ற எஞ்சின் இல்லை. கணினிகளை எழுப்பக் கொஞ்ச அம்பியர் போதும். அதனால் அரைவாசி செத்த பற்றரியும் நல்ல பிள்ளை மாதிரி வேலை செய்யும், செய்யும், ஒருநாள் காலமை செய்யாது. எனக்கு இதில் பிடிக்காத விசயமே இந்த அமைதிதான்.

இதற்கு மருந்துதான் ட்ரிக்கிள் சார்ஜர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். சொட்டுச் சொட்டாக மின்சாரம் ஏத்துகிற ஒரு சின்னப் பெட்டி. ரொறொன்ரோவில் இருக்கிற என் மாமா ஒருவர் மின்சார ட்ரக் வைத்திருக்கிறார். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் ஐந்தாறு கிழமை நிற்பார். போன முறை வந்தபோது "ட்ரக்குக்கு சேலைன் ஏத்திப்போட்டு வந்திருக்கிறன் பிள்ளை" என்றார். அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் எல்லாச் சேலைனும் ஒன்றல்ல. பழைய வகை ட்ரிக்கிள் சார்ஜர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே அளவு மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பற்றரி நிறைந்த பிறகும் நிற்பாட்டாது. மாசக்கணக்கில் விட்டால் தண்ணி வற்றும், தகடு அரிக்கும். காப்பாற்ற வைத்ததே கொன்றுவிடும். இப்போது வருகிற நல்ல வகை, வோல்ட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்யும். முதலில் 14.4 வோல்ட் அளவுக்கு ஏத்தி, நிறைந்ததும் 13.5 அளவுக்கு இறக்கி, அதிலேயே பிடித்து வைத்திருக்கும். சிலர் இதைப் பராமரிப்புச் சார்ஜர் என்று தனியாகச் சொல்வார்கள். ஒரு அம்பியர், இரண்டு அம்பியர் போதும், பெரிசு தேவையில்லை. பற்றரி நிறைந்த பிறகு சில வாட்ஸ்தான் எரிக்கும், மாதக் கரண்ட் பில்லில் தேடினாலும் தெரியாது.

பூட்டுகிற முறையில் இரண்டு விசயம். சிவப்பு பற்றரியின் நேர் முனைக்கு. கறுப்பை எதிர் முனையிலேயே கொழுவாமல், கையேடு காட்டுகிற உடற்பாகத்து இரும்பு முனையில் கொழுவச் சொல்வார்கள். ஏனெண்டால் எதிர் முனையில் உள்ள ஒரு உணரி எவ்வளவு உள்ளே போகிறது, வெளியே வருகிறது என்று கணக்கு வைக்கிறது, அதைத் தாண்டிப் பூட்டினால் வாகனத்தின் கணக்குப் பிழைக்கும். அடுத்தது, பற்றரி என்ன வகை என்று பார்க்க வேண்டும். டெஸ்லா 2021 இல் இருந்து சின்னப் பற்றரியையும் லிதியத்துக்கு மாற்றத் தொடங்கியது. பி.வை.டி.யின் பல மொடல்களிலும் லிதியம்தான். ஈயப் பற்றரிக்கென்று செய்த சார்ஜரை அதில் கொழுவக் கூடாது. டெஸ்லாவின் சைபர்ட்ரக்கிலோ 12 வோல்ட்டே இல்லை, 48 வோல்ட். தோடம்பழ நிறத்தில் தடித்த வயர் எங்கே கண்டாலும் கை வைக்காதீர்கள், அது பெரிய பற்றரியின் வயர்.

இதை அறிந்தவுடன் ஆக்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு பக்கம், "இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ட்ரக்குக்கு நான் ஏன் வெளியால ஒரு சார்ஜர் வாங்கிப் பூட்ட வேணும்?" என்கிறது. லைட்னிங்கின் விலை 40,000 டொலரில் தொடங்கும் என்று அறிவித்தார்கள், மேல் மொடல்கள் அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டின. கோபம் விளங்குகிறது. மற்றப் பக்கம், "எந்த வாகனமும் கன நாள் நிண்டால் பற்றரி இறங்கத்தான் செய்யும், இதில் என்ன புதினம்?" என்கிறது. அதுவும் உண்மைதான்.

நான் இரண்டோடும் முழுசா ஒத்துப்போக மாட்டேன். பராமரிப்பு என்பது வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை. பம்புக்கு எண்ணெய் போடுகிறோம், சைக்கிள் செயினுக்குக் கிறீஸ் பூசுகிறோம். ஒரு பெட்டியை வாங்கிக் கொழுவுவது பெரிய கஷ்டமும் இல்லை. என் பிரச்சினை வேறு. மின்சார வாகனத்தை "பராமரிப்பே இல்லை" என்று சொல்லி விற்கிறார்கள். எஞ்சின் ஒயில் இல்லை, பில்டர் இல்லை, பிளக் இல்லை, எல்லாம் சரி. ஆனால் மிச்சமிருக்கிற ஒரே ஒரு பழைய சாமானைப் பற்றி வாய் திறப்பதில்லை. வாங்கியவர் அதைப் பற்றி அறிகிற முதல் நாள், அது செத்த நாளாக இருக்கிறது. கம்பனிகளுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நிசான் லீஃப்பின் முதல் தலைமுறையில் சில மொடல்களுக்குப் பின் கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னச் சூரியத் தகடு இருந்தது. அது காரை ஓட்டவா? இல்லை. 12 வோல்ட் பற்றரிக்குச் சொட்டுச் சொட்டாக ஏத்த. கூரையிலேயே ட்ரிக்கிள் சார்ஜர் வைத்து விற்றவர்களுக்குப் பிரச்சினை தெரியும்தானே.

தெரிந்தும் சொல்லாததன் விலை, வேலைக்குப் பிந்திப் போவதோடு நிற்கவில்லை. 2024 ஜூனில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஸ்கொட்ஸ்டேல் நகரத்தில், ஒரு பாட்டி இருபது மாதப் பேரப்பிள்ளையைக் காருக்குள் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். மின்சாரக் கார். சுற்றி வந்து தன் பக்கக் கதவைத் திறக்கப் போனார், திறக்கவில்லை. சின்னப் பற்றரி அந்த நேரம் பார்த்துச் செத்திருந்தது. ஜூன் மாத அரிசோனா வெயில். தீயணைப்புக்காரர் கோடரியால் கண்ணாடியை உடைத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

2025 ஜூனில் ஃபோர்ட் தன்னுடைய இன்னொரு மின்சார வாகனமான மஸ்டாங் மாக்-ஈயில் 197,000 அளவிலான வாகனங்களைத் திருப்பி அழைத்தது. 12 வோல்ட் இறங்கினால், பெரியவர்கள் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகு, பின் சீற்றில் இருக்கிற பிள்ளை உள்ளே பூட்டுப்பட்டுப் போகக்கூடும் என்பதுதான் காரணம். அதே வருசம் செப்டெம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2021 டெஸ்லா மொடல் வை கார்கள் 174,000 அளவில் விசாரணையைத் தொடங்கியது. பிள்ளைகள் உள்ளே, பெற்றோர் வெளியே, கைப்பிடி வேலை செய்யவில்லை என்ற முறைப்பாடுகள்தான் அதற்குக் காரணம். அதற்கு முதல் வருசம், 2024 மார்ச்சில், ஹூண்டாயும் கியாவும் 147,000 மின்சாரக் கார்களைத் திருப்பி அழைத்திருந்தன. அங்கே குறை 12 வோல்ட்டைச் சார்ஜ் பண்ணுகிற பாகத்தில். அது பழுதானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலு போய்விடும். எண்களை ஏன் அடுக்குகிறேன் எண்டால், "அது உங்கட கவனக்குறைவு" என்று உரிமையாளரைப் பார்த்துச் சொல்கிறவர்களுக்காகத்தான். லட்சக்கணக்கில் திருப்பி அழைக்கிற பிரச்சினை ஒரு ஆளின் கவனக்குறைவு இல்லை.

உள்ளிருந்து திறக்கக் கையால் இழுக்கிற வழி வைத்திருக்கிறார்கள், உண்மைதான். மொடல் வையின் பின் கதவில் அது கதவுப் பையின் அடியில், விரிப்பைத் தூக்கினால் தெரிகிற ஒரு மூடிக்குள் இருக்கிறது. எல்லா மொடல் வையிலும் அதுவும் இல்லை. இருபது மாதப் பிள்ளை விரிப்பைத் தூக்குமா? வெளியில் இருந்து திறப்பது இன்னும் வேடிக்கை. மாக்-ஈயிலும் டெஸ்லா மொடல் 3 இலும் முன் பம்பரில், கயிறு கட்டி இழுக்கிற கொளுக்கிக்கான சின்ன மூடியைக் கழற்றினால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். வெளியால ஒரு 12 வோல்ட்டை அதில் தொட்டால் முன் பொனட் திறக்கும், பிறகுதான் உள்ளே உள்ள பற்றரியைத் தொடலாம். கெட்டித்தனமான ஏற்பாடுதான். ஆனால் இது தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இன்னொன்று. ட்ரிக்கிள் சார்ஜரைப் பூட்ட என்ன வேண்டும்? சார்ஜர் மட்டும் போதாது. சொந்தக் கராஜ் வேண்டும், அதற்குள் பிளக் வேண்டும், பொனட்டைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போகத் துணிவு வேண்டும். மாமாவுக்கு இதெல்லாம் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் இருந்துகொண்டு ஒழுங்கையில் காரை விடுகிறவர் என்ன செய்வார்? ஜன்னலால வயர் விடுவாரா? மின்சார வாகனம் யாருடைய வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று அறிய வேண்டுமானால் விளம்பரத்தைப் பார்க்கத் தேவையில்லை, இந்த ஐம்பது டொலர்ப் பெட்டியைப் பார்த்தால் போதும்.

எங்கட நாட்டுக்கு இது புதுப் பிரச்சினையும் இல்லை. 2022 இல் பெற்றோல் இல்லாமல் கிடந்த காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கியூஆர் முறை வந்த பிறகும் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். வாகனங்கள் மாதக்கணக்கில் முற்றத்தில் படுத்தன. அதில் கனக்க பிரியஸ், அக்வா மாதிரியான ஹைபிரிட்கள். அவற்றுக்குள்ளும் இதே கதைதான், பெரிய பற்றரி ஒன்று, சின்னது ஒன்று. வரிசையில் நின்றவர்கள் காரை முழுசா ஸ்டார்ட் பண்ணாமல் றேடியோவை மட்டும் போட்டுக்கொண்டு இருந்தால் இறங்குவது சின்னது. பழைய பிரியஸில் அந்தச் சின்னப் பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது. டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் திறக்கிறது. பற்றரி செத்தால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காவிட்டால் பற்றரியைத் தொட ஏலாது. ஆனால் முன் பொனட்டுக்குள், பியூஸ் பெட்டியில், சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இதற்காகவே இருக்கிறது. அதில் ஜம்ப் பண்ணலாம். ரிமோட் சாவிக்குள் ஒரு மெல்லிய இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது, அதால் சாரதிக் கதவைத் திறக்கலாம். இரண்டையும் கையேட்டில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். யப்பான் மொழியில்.

அதுதான் என்னுடைய கோபம். யப்பானில் ஓடி இங்கே வந்த கார்களில் திரை யப்பான் மொழி, கையேடு யப்பான் மொழி, எச்சரிக்கையும் யப்பான் மொழி. சிவப்பாக ஏதோ எழுத்து மின்னுகிறது, வாசிக்க ஆளில்லை. பற்றரியைத் தேடத் தெரியாமல் கண்ணாடியை உடைப்பதும், அரை யூனிட் சாமான் செத்ததற்கு "ஹைபிரிட் பற்றரி போயிட்டுது" என்று லட்சக் கணக்கு கேட்டுப் பயப்படுவதும் அங்கேதான் தொடங்குகிறது. இப்போது புதிதாக வருகிற மின்சார வாகனங்களின் கையேடுகள் ஆங்கிலத்தில் வருகின்றன. முன்னேற்றம்தான். ஆனால் சாவகச்சேரியில் கராஜ் வைத்திருக்கிற அண்ணனுக்கும், காரை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வெளிநாட்டில் இருக்கிற மகன் விட்டுப்போன அம்மாவுக்கும் அது எவ்வளவு தூரம் முன்னேற்றம்? அப்படி ஒரு அம்மா எங்கட ஒழுங்கையிலும் இருக்கிறா. "கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிசம் விடுங்கோ அம்மா" என்று மகன் சொல்லியிருக்கிறார். அவ பிழையில்லாமல் ஞாயிறு காலமை செய்கிறா. சார்ஜர் இல்லாத ட்ரிக்கிள் சார்ஜர் அவதான். பத்து நிமிசத்தை அரை மணித்தியாலம் ஆக்கினால் பற்றரிக்கு இன்னும் நல்லது என்று யாரும் அவவுக்குச் சொல்லவில்லை.

எங்கட ஆக்களுக்குப் பற்றரி விளங்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். தொண்ணூறுகளில் வடக்குக்குப் பற்றரி வருவதே தடை. அப்பா அம்மாவின் தலைமுறை சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, டைனமோவைச் சுழற்றி, றேடியோவில் செய்தி கேட்டது. பெற்றோலை ஒரு சொட்டு விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் காரை ஓட்டியது. நாலு பேர் தள்ளினால் எந்தக் காரும் ஸ்டார்ட் ஆகும் என்ற நம்பிக்கை இன்றைக்கும் எங்கட ஒழுங்கைகளில் இருக்கிறது. மின்சார வாகனத்தை எவ்வளவு தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. நூறு பேர் வந்தாலும் ஆகாது. உங்களிடம் இருக்கிற அறிவு இனி உதவாது, புதுசு இது என்று யாராவது சொல்லித்தர வேண்டும். சொல்லித்தந்தால் ஒரு பின்னேரத்தில் பிடித்துவிடுவார்கள்.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். ஒரு குரங்கு நாட்டை நிற்பாட்டலாம் எண்டால், அந்த அமைப்பில் எங்கேயோ ஒரு இடத்தில் எல்லாப் பாரத்தையும் ஒரே முனையில் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த முனை எது என்று பொதுச்சனத்துக்குத் தெரிய வேண்டும் என்று பிறகு எழுதினார்கள், கேட்டார்கள். வாகனத்திலும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்.

கதவைப் பற்றி முதலில். மின்சாரம் இல்லாமல், வெளியில் இருந்தும் உள்ளிருந்தும், சின்னப் பிள்ளையோ வயதானவரோ திறக்கக்கூடிய கைப்பிடி நாலு கதவிலும் இல்லாத வாகனத்தை இந்த நாட்டில் பதியக் கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இதைச் செய்யலாம். வெப்ப நாட்டில் பூட்டிய காருக்குள் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று விவாதிக்கத் தேவையில்லை.

மற்றது செலவே இல்லாதது. நூறு பக்கக் கையேட்டை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஒரு தாள், ஒரு பக்கம், சிங்களத்திலும் தமிழிலும். சின்னப் பற்றரி எங்கே இருக்கிறது, ஈயமா லிதியமா, எத்தனை கிழமை நின்றால் கவனிக்க வேண்டும், எந்த வகைச் சார்ஜரை எந்த முனையில் கொழுவ வேண்டும், செத்தால் கதவை எப்படித் திறப்பது. இறக்குமதி செய்து விற்கிறவர் இதைச் சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை ஒரு அறிவித்தல் விட்டால் முடிந்தது. அதுவரைக்கும், வீட்டில் யாராவது மின்சார வாகனம் பார்க்கப் போனால் நீங்களும் கூடப் போங்கள். விற்பனையாளர் பெரிய திரையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, "அண்ணை, பன்னிரண்டு வோல்ட் பற்றரி எங்க இருக்கு, ஒருக்காத் திறந்து காட்டுங்கோ" என்று கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால் அங்கேயே நின்று தேடச் சொல்லுங்கள். அந்தத் தாளை ஒட்டுவதற்கு இடம் தேடவும் தேவையில்லை. சாரதிக்கு மேலே வெயில் மறைக்கிற தட்டின் பின்பக்கம் இருக்கிறது. எயார்பேக் எச்சரிக்கை அங்கேதான் ஒட்டியிருக்கிறது, யப்பான் மொழியில்.